கீழே ஒரு சொட்டும் இல்லை, ரேடியேற்றரில் மட்டும் தண்ணீர் குறைகிறது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் கோப்பாயில் இருக்கும் ஒரு தம்பி. கார் 1996ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, 1500 சிசி பெற்றோல் எஞ்சின். வாரத்தில் மூன்று நாள் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ரேடியேற்றரில் அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது; கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறார். காலையில் கார் நின்ற இடத்தில் ஈரமே இல்லை. ஒரு கராஜில் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்றார்களாம் (எஞ்சின் பிளொக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்). இன்னொரு கராஜில் "ரேடியேற்றரை மாற்றினால் சரி" என்றார்களாம். இரண்டு இடத்திலும் போனற்றைத் தூக்கிப் பார்த்ததோடு சரி, எதையும் சோதிக்கவில்லை. கடைசி வரியில், போகிற போக்கில், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தும்போது இனிப்பாக ஏதோ மணக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்களுடைய கடைசி வரிதான் எனக்கு முதல் வரி. அந்த இனிப்பு மணம் கூலன்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேற்றரில் ஊற்றும் திரவத்தில், இருக்கும் கிளைக்கோலுடையது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஐதாக்கிவிட்டாலும் பழைய கூலன்ட் இன்னும் கொஞ்சம் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அது சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகும்போதுதான் இப்படி மணக்கும். ஆகவே தண்ணீர் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான் போகிறது. கசிவது சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும். கசிந்த துளியும் நிலத்தைத் தொட முன்னர் உலர்ந்துவிடுகிறது. காலையில் எஞ்சின் ஆறி, அழுத்தமும் இறங்கிய பிறகு குனிந்து பார்த்தால் நிலம் காய்ந்துதான் இருக்கும். இதை வைத்து ஹெட் கேஸ்கெட் நல்லது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த அறிகுறிகளோடு வந்த காரில் முதலாவதாக ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் என் காரை விட மாட்டேன்.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று கண்ணால் காணும்வரை ஒரு பாகமும் வாங்காதீர்கள். ஊகத்தில் பாகம் மாற்றத் தொடங்கினால் ரேடியேற்றர், பம்ப், கேஸ்கெட் எல்லாம் புதிதாகிவிடும், தண்ணீர் மட்டும் பழையபடி குறையும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரை விடியப் பார்ப்பதுதான் நல்லது. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. திறந்த பானையில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். உங்கள் காரின் மூடி ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வகை. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டுப் பாகை கூடும். 110 பாகையில் அமைதியாக இருக்கும் தண்ணீரின் மூடியைத் திடீரென்று திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்தக் கணமே அது நீராவியாகி முகத்துக்கு வரும். துணியைப் போர்த்தித் திறப்பதெல்லாம் வீரம் அல்ல.

அந்த மூடியிலிருந்தே தொடங்குவோம். முழுத் தொகுதியிலும் மலிவான பாகம் அதுதான், அதிகம் சந்தேகிக்கப்படாததும் அதுதான். மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. பெரியது, அழுத்தம் கூடும்போது திறந்து சூட்டில் பெருகிய தண்ணீரைப் பக்கத்துப் போத்தலுக்கு அனுப்பும். நடுவில் இருக்கும் சிறியது, எஞ்சின் ஆறும்போது திறந்து அதே தண்ணீரைத் திருப்பி உள்ளே இழுக்கும். கீழ்ப்பக்க றப்பர் வெடித்திருக்கிறதா, தடித்துப் போயிருக்கிறதா, நடு வால்வில் சுண்ணாம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியால் அந்தச் சின்ன வால்வை இழுத்து விட்டால் துள்ளி மூட வேண்டும்.

இங்கே நீங்கள் எழுதாத ஒரு விபரம் எனக்குத் தேவைப்படுகிறது. ரேடியேற்றரில் குறையும்போது போத்தலிலும் குறைகிறதா? போத்தலில் மட்டம் அப்படியே இருக்க ரேடியேற்றர் மட்டும் குறைந்தால், மூடியின் சின்ன வால்வு வேலை செய்யவில்லை, அல்லது போத்தலுக்குப் போகும் மெல்லிய குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. வெடித்த குழாயால் தண்ணீர் திரும்பி வராது, காற்றுத்தான் வரும். போத்தலுக்குள் அந்தக் குழாயின் நுனி அடிவரை முட்டாமல் மேலே தொங்கினாலும் இதே கதைதான். போத்தல் நிரம்பி வழிந்து ஓடும் வழியில் வெளியேறியிருந்தால் உங்களுக்குத் தெரியவும் வராது. முழ நீளக் குழாய் ஒன்றால் சரியாகியிருக்க வேண்டிய காரில் ரேடியேற்றரையே மாற்றியதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். மூடி வாங்கும்போது அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். முப்பது வயது ரேடியேற்றருக்கு அது நல்லதல்ல.

மூடியும் குழாயும் சரி என்றால் அடுத்தது அழுத்தச் சோதனை. மூடி இருந்த இடத்தில் பூட்டும் சைக்கிள் பம்ப் போன்ற ஒரு கருவி இருக்கிறது, அதிலேயே மீற்றரும் இருக்கும். கொஞ்சம் நல்ல கராஜ்களில் கிடைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றரை நிரப்பி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். முள் அசையாமல் நின்றால் அரை மணித்தியாலம் விடுங்கள். முள் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. எஞ்சின் ஓடாததால் விசிறிக் காற்றும் இல்லை, சூடும் இல்லை, கசிந்த துளி கசிந்த இடத்திலேயே நிற்கும். கையில் டோர்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தால் போதும். "அழுத்தம் அடித்துப் பார்த்தீர்களா?" என்று அந்த இரண்டு கராஜிலும் கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் மூன்றாவது கராஜைத் தேடுங்கள்.

கருவி கிடைக்காவிட்டால் எஞ்சினையே பம்ப் ஆக்கலாம். கிளிநொச்சியில் இருந்து வந்த சூட்டோடு, முற்றத்தில் பெரிய காட்போட் மட்டையை விரித்து அதன்மேல் காரை நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு பம்ப் சுழலாது, ஆனால் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு ஏறிக்கொண்டே இருக்கும்; முதல் பத்து நிமிடத்தில் அழுத்தம் நன்றாக உயரும். ஒளிந்திருக்கும் கசிவு வெளியே வருவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். போனற்றைத் திறந்து, கையை உள்ளே விடாமல், மணம் எந்தப் பக்கம் கூட வருகிறது என்று மூக்கால் தேடுங்கள். மின்விசிறி திடீரென்று சுழலக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கே பார்ப்பது? உங்கள் காரின் வயதுக்கு முதல் சந்தேகம் ரேடியேற்றரின் மேல் தொட்டி. நடுவில் இருப்பது அலுமினியம், மேலும் கீழும் கறுப்புப் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வெந்து, கறுப்பு நிறம் போய் மண்ணிறமாகி, நகத்தால் தட்டினால் ஓட்டுத் துண்டு போலச் சத்தம் கேட்கும். மயிரிழை போன்ற வெடிப்பு மேல் ஹோஸ் பூட்டும் கழுத்தின் அடியிலோ, அலுமினியத்தோடு மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பிலோ வரும். ஆறியதும் அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும். அது இருந்ததற்குச் சாட்சி வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்து நிற்கும் ஒரு கோடு மட்டும்தான். அந்தக் கோட்டைக் கழுவிவிடாதீர்கள். போனற்றைத் திறந்ததும் எஞ்சினைக் கழுவச் சொல்பவர்கள் தடயத்தை அழிக்கிறார்கள்.

அடுத்தது ஹோஸ்கள். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் கண்ணில் படும், அதனால் யாராவது எப்போதாவது மாற்றியிருப்பார்கள். ஒருவரும் மாற்றாதவை எஞ்சினுக்கும் இருக்கைப் பக்கத்துச் சுவருக்கும் நடுவே போகும் ஹீற்றர் ஹோஸ்கள். யாழ்ப்பாணத்தில் கார் ஹீற்றரை யார் போடுகிறார்கள்? ஆனால் யப்பானில் இருந்து வந்த காரில் அது இருக்கிறது. நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஹோஸில் சுடுதண்ணீரும் அழுத்தமும் இருக்கிறது. அங்கே கசிந்தால் சூடான எஞ்சினின் பின்பக்கத்தில் விழுந்து உடனே ஆவியாகும். நிலத்தில் ஈரம் இல்லை, மணம் மட்டும் வருகிறது என்றால் நான் டோர்ச்சை முதலில் திருப்புவது அந்த மூலைக்குத்தான். மணம் காருக்குள்ளேயே வருகிறது, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படிகிறது, இடப்பக்கக் கம்பளத்தின் அடி ஈரமாக இருக்கிறது என்றால் கசிவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீற்றரின் சின்ன ரேடியேற்றர். அதைக் கழற்றுவது பெரிய வேலை. நம்முடைய வெயிலில் அது தேவையும் இல்லை. இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்து அதை வெட்டிவிடலாம். இதில் எனக்குக் குற்ற உணர்வே கிடையாது.

ஏசி போட்டு ஓடிவந்த காரின் அடியில் இடப்பக்கம் சொட்டும் தெளிந்த தண்ணீர் கசிவு அல்ல. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. விரலால் தொட்டுப் பார்க்கலாம்; நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கிளைக்கோல் நஞ்சு.

வோட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளையால் வரவேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். அங்கே படிவு கண்டால் பம்பை மாற்றுவதுதான் வழி, துளையை அடைப்பது அல்ல. பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் பம்பின் கப்பியை ஆட்டிப் பார்த்தாலும் தெரியும். எஞ்சின் பிளொக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகட்டு மூடிகளையும் பாருங்கள். வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சினில் அவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும்.

இனி ஹெட் கேஸ்கெட். பயமுறுத்துவதற்கு இதைவிட நல்ல பெயர் கராஜ் மொழியில் இல்லை. உண்மையாகவே போயிருந்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். காலையில், குளிர்ந்த எஞ்சினில், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் முதலில் சில குமிழிகள் வந்து நின்றால் அது உள்ளே அகப்பட்ட காற்று. விடாமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேற்றரை மிதிக்கும்போது கூடினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. இன்னொரு நாள், இரவு ஆறிய காரை மூடி போட்டபடியே ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஆனால் ஹோஸ் கல்லுப்போல இறுகிவிட்டது என்றால் அந்த அழுத்தம் சூட்டால் வந்தது அல்ல, சிலிண்டரில் இருந்து வந்தது. கராஜில் நீல நிற இரசாயனம் நிரப்பிய ஒரு குழாயை ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இதைவிடத் தெளிவான சாட்சி, இரவு முழுக்க அழுத்தம் அடித்து விட்டுக் காலையில் நான்கு பிளக்கையும் கழற்றி எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது. கசியும் சிலிண்டரில் இருந்து தண்ணீர் பீறிடும். மற்ற மூன்று பிளக்கிலும் கரி இருக்க அந்த ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல இருக்கும்.

ஒயில் மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் கொஞ்சம் நுரை கண்டவுடன் தலையில் கை வைக்க வேண்டாம். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் ஈரம் தங்கி அப்படி வரும். ஒயில் கோலை உருவிப் பாருங்கள். அதிலும் பால் நிறம் இருந்து, ஒயில் மட்டமும் ஏறியிருந்தால்தான் கவலை. மார்கழிக் காலையில் புகைபோக்கியால் வரும் வெள்ளை ஆவியும் அப்படித்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் மறைய வேண்டும். வெயிலிலும் தொடர்ந்து வந்தால் மறைக்க முடியாத பிரச்சினை.

கசிவைக் கண்டுபிடிக்கும்வரை கிளிநொச்சிப் பயணத்தை நிறுத்தி வையுங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே என் கதையைச் சொல்கிறேன். 2012இல் பழைய லான்சர் ஒன்று வைத்திருந்தேன். வவுனியாவில் இருந்து திரும்பும்போது முறிகண்டியில் எல்லோரையும் போல நிறுத்தி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கினேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழமையைவிட ஒரு நூல் மேலே நிற்பதைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். கிளிநொச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முள் விறுவிறு என்று ஏறியது. நிறுத்தலாம் என்று ஒரு நிழல் தேடிக்கொண்டிருக்க, தானாகவே கீழே இறங்கிவிட்டது. பிள்ளையார் காப்பாற்றினார் என்று நானும் ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கவில்லை. நடந்தது வேறு. கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் போய்விட்டது. தண்ணீர் இல்லாத இடத்தில் வெப்ப உணரி வெறும் காற்றில் தொங்கியது, அதனால் முள் விழுந்தது. அடுத்த இரண்டு கிலோமீற்றரில் எஞ்சின் தட்டத் தொடங்கி நின்றுவிட்டது. இறங்கி ஓடிப்போய்ப் பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து, கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். எஞ்சியிருந்த நம்பிக்கையும் அதோடு போனது. அலுமினிய ஹெட் வளைந்து, லேத் பட்டறையில் அடியைச் சீவி மட்டமாக்கி, புதுக் கேஸ்கெட் போட்டு எழுப்ப மூன்று கிழமை சென்றது. முள் நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்துங்கள். அதற்கும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு மணித்தியாலம் கச்சான் சாப்பிடலாம், தண்ணீர் ஊற்றலாகாது.

ஓட்டத்தில் முள் சரியாக நின்று, ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் மட்டும் ஏறுகிறதென்றால் மின்விசிறியைப் பாருங்கள். உங்கள் கொரோலாவில் விசிறியின் வெப்ப சுவிட்சில் இருந்து வயரைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போட்டால் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் மோட்டாரும் ரிலேயும் நல்லது, சுவிட்ச்தான் சந்தேகம்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் வைத்திருக்கும் வால்வைப் பற்றி, ஒரு சண்டை பிடிக்காமல் போக மாட்டேன். "எங்கள் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு சடங்கு. உங்கள் காரையும் திறந்து பார்த்தால் அது இல்லாமல் இருக்கக்கூடும். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்குவழி ஒன்றை மூடும். அதைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி எந்நேரமும் திறந்தபடியே கிடக்கும். சுடுதண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றர்ப் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றியதால் பாரமான ஓட்டத்தில் சூடு கூடும், மற்ற நேரத்தில் எஞ்சின் சூடேறாமல் பெற்றோலைக் குடிக்கும். பழையது வேலை செய்கிறதா என்று குசினியிலேயே பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால் 82 பாகை அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். பூட்டும்போது ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரட்டும். அகப்பட்ட காற்று அதனால்தான் வெளியேறும்.

திருத்துவது கண்டுபிடிப்பதைப் போலக் கடினம் அல்ல. ஹோஸ் என்றால், பழையதைத் திருகி இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் கழுத்து கையோடு வந்துவிடும். கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்து எடுங்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் படிவை மெல்லிய மண்தாளால் தேய்த்து, புது ஹோஸை விளிம்பைத் தாண்டி உள்ளே தள்ளி, கிளிப்பை விளிம்புக்குப் பின்னால் வையுங்கள். பழைய வில் கிளிப் இறுக்கமாக இருந்தால் அதையே போடலாம். றப்பர் சுருங்கும்போது அதுவும் சேர்ந்து சுருங்கும். திருப்புளியால் இறுக்கும் கிளிப்பை ஆவேசத்தில் இறுக்கினால் ஹோஸை வெட்டும். ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் மற்றவற்றின் வயதும் அதேதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது இரண்டாவது தடவை கூலன்ட் வாங்குவதைவிட மலிவு.

ரேடியேற்றரின் பிளாஸ்டிக் வெடித்திருந்தால் பசை வைத்து ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது ஒரு மாரியைத் தாண்டாது. புதிய மாற்று ரேடியேற்றர் ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் பஞ்சிகாவத்தையில் பாவித்ததும் கிடைக்கும், ஆனால் பாவித்த ரேடியேற்றர் என்பது இன்னொருவரின் முப்பது வயதுப் பிளாஸ்டிக். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல்தான் மீண்டும் திறந்தது; அந்த இடைவெளியில் பழைய கொரோலாவுக்கெல்லாம் பொன் விலை வந்தது. அந்த விலையுள்ள காருக்கு ஒரு புது ரேடியேற்றர் பெரிய செலவல்ல.

மஞ்சள்தூள் வைத்தியத்தை யாராவது சொல்லியிருப்பார்கள். ஊசித்துளையை அது அடைக்கும், பொய்யில்லை. ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான்களும் பெரும்பாலும் மஞ்சள்தூளின் படித்த தம்பிமார்தான். நடுவழியில் வீடு வந்து சேர ஒரு தடவை போடலாம், பிறகு முழுவதையும் கழுவ வேண்டும். மஞ்சள் இறக்குமதி நின்று விலை தலைக்கு மேல் ஏறிய 2020இல் அந்த வைத்தியம் ரேடியேற்றரோடு போட்டி போட்டிருக்கும்.

இப்போது நோயின் வேருக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் வாளி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. கேத்திலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படை உங்கள் எஞ்சினுக்குள்ளும் படிகிறது, அதுவும் மிகச் சூடான இடத்தில், அதாவது ஹெட்டைச் சுற்றி. அரை லீற்றர் ஆவியாகிப் போகும்போது சுண்ணாம்பு போவதில்லை. அடுத்த அரை லீற்றர் இன்னும் கொஞ்சம் கொண்டுவருகிறது. கடலோரக் கிணறு என்றால் உப்பும் சேரும், உப்பு அலுமினியத்தைத் தின்னும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தக் கார்களுக்கு நாங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினோம், அவையும் ஓடின. அவற்றின் எஞ்சின் ஹெட் உட்பட வார்ப்பிரும்பு, ரேடியேற்றர் செம்பும் பித்தளையும், ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். அந்தப் பழக்கத்தை அப்பாமாரிடம் இருந்து எடுத்துக்கொண்டோம். கார் மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஆகவே கசிவை அடைத்த பிறகு உள்ளே இருப்பது முழுவதையும் வெளியேற்றிக் கழுவுங்கள். ரேடியேற்றரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகை மெதுவாகத் திறக்க வேண்டும், முப்பது வயதில் அதுவும் உடையும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரை நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு வெளியேற்றுங்கள். வருவது தெளியும்வரை இரண்டு மூன்று தடவை. வாங்கும்போது அது அமிலம் அல்ல, வெறும் நீர்தான் என்று லேபிளை வாசித்து உறுதி செய்யுங்கள். இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கும். மாரியில் கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்து வடிகட்டிய மழைநீரும் கழுவுவதற்குப் போதும். கூலன்ட் ஒரே வகையாக இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சில வகைகள் கூழாகிவிடும். நமக்கு உறைபனி இல்லாததால் பாதிக்குப் பாதி கட்டாயம் இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் துருத் தடுப்பு போதுமான அளவு கிடைக்கும். கலக்கும் அலுப்பு வேண்டாம் என்றால் கலந்தே விற்பதை வாங்குங்கள். அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிரப்பும்போது காற்று அகப்படாமல் பார்ப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். மூக்கை ஏற்றத்தில் நிறுத்துங்கள் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? முன் ரயர் இரண்டின் கீழும் உறுதியான பலகை வைத்து ஏற்றினால் போதும். ஹீற்றர் நெம்பைச் சூட்டுப் பக்கம் தள்ளி, மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, குமிழிகள் நின்று இரண்டு ஹோஸும் சூடாகும்வரை மட்டத்தைப் பிடித்து வைத்திருங்கள். பொங்கி வரத் தொடங்கினால் முகத்தை விலக்கி மூடியைப் போட்டுவிடலாம். விசிறி இரண்டு தடவை போட்டு நின்ற பிறகு எஞ்சினை நிறுத்தி, மறுநாள் காலை ரேடியேற்றரிலும் போத்தலிலும் பாருங்கள். முதல் மூன்று நாள் கொஞ்சம் குறைவது மிச்சக் காற்று. போத்தலில் பேனையால் ஒரு கோடு போட்டுத் திகதியும் எழுதுங்கள். கிழமை கழித்தும் கோட்டில் நின்றால் கிளிநொச்சி போகலாம். குறைந்தால், எவ்வளவு, எத்தனை நாளில், அழுத்தம் அடித்தபோது முள் என்ன செய்தது என்ற மூன்றையும் எழுதுங்கள்.

வெளியேற்றிய பழைய கூலன்டை வளவில் ஊற்றாதீர்கள். நம் நிலம் வெடிப்புள்ள கல், மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகும் அதை விளக்கத் தேவையில்லை. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். மூடியுள்ள கலனில் பிடித்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜ் எதிலாவது எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். மிச்சம் இருக்கும் புதுக் கூலன்டை டிக்கியில் வைப்பது நல்லதுதான், ஆனால் சோடாப் போத்தலில் மட்டும் வைக்காதீர்கள். சிவப்புக் கூலன்டுக்கும் நெக்டோவுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.